வீட்டு மதிப்புதான் ஏறுகிறதே, ஃபயர் டிஸ்ட்ரிக்ட் ஏன் மறுபடி வரி கேட்கிறது?

சரி, அடுத்த கேள்வி. சியாட்டல் பக்கம் கிங் கவுண்டியில் வீடு வாங்கியிருக்கும் ஒரு நண்பர் கேட்டிருக்கிறார். "தபாலில் வாக்குச்சீட்டு வந்திருக்கிறது, அதில் ஃபயர் டிஸ்ட்ரிக்ட்டுக்கு, அதாவது எங்கள் பகுதித் தீயணைப்புச் சேவையை நடத்தித் தனி வரி வாங்கும் அமைப்புக்கு, 'லெவி லிட் லிஃப்ட்' (வரி வசூலின் வரம்பை உயர்த்துவது) என்று ஒன்று இருக்கிறது. என் வீட்டு மதிப்பு ஏறினால் வரியும் தானாக ஏறும் அல்லவா, பிறகு எதற்குத் தனியாக வந்து கேட்கிறார்கள்?"

இல்லைங்க, அப்படித் தானாக ஏறாது. வாஷிங்டன் மாநிலத்தில் 2001இல் சொத்து வரி வசூலுக்கு வரம்பு போடும் இனிஷியேட்டிவ் 747 என்ற சட்டத்தை மக்களே வாக்களித்துக் கொண்டுவந்தார்கள். 2007இல் மாநில உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது, ஆனால் அதே வருஷம் சட்டமன்றம் கூடி அதே வரம்பைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டது. அதன்படி ஒரு ஃபயர் டிஸ்ட்ரிக்ட் வசூலிக்கும் மொத்தத் தொகை வருஷத்துக்கு 1 சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது. புதிதாகக் கட்டும் கட்டடங்களின் வரி போன்ற சில மட்டும் இந்தக் கணக்கில் சேராது.

ஒரு பேச்சுக்கு எண்களை வைத்துப் பார்க்கலாம். டிஸ்ட்ரிக்டில் உள்ள எல்லாச் சொத்துகளின் மதிப்பு 1,000 கோடி டாலர், வரி ஆயிரம் டாலர் மதிப்புக்கு 1.50 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சட்டம் அனுமதிக்கும் உச்சமே அந்த 1.50தான். வசூல் ஒன்றரைக் கோடி. அடுத்த வருஷம் எல்லா வீடுகளின் மதிப்பும் 8 சதவீதம் ஏறுகிறது, ஆனால் வசூல் 1 சதவீதம்தான் ஏறலாம், அதனால் விகிதம் 1.40க்கு இறங்கிவிடும். உங்கள் வீடு 8 லட்சத்திலிருந்து 8,64,000 ஆகியிருக்கும், தீயணைப்புக்கு நீங்கள் கட்டுவது 1,200லிருந்து ஏறக்குறைய 1,212. பன்னிரண்டு டாலர்தான் கூடுதல்! இப்படி இறங்கிய விகிதத்தைத் திரும்ப மேலே கொண்டுபோகத்தான் லிட் லிஃப்ட். பாதிக்கு மேல் ஆதரவு கிடைத்தால் போதும்.

செலவு 1 சதவீதத்தில் நிற்குமா? சம்பளம், மருத்துவக் காப்பீடு, டீசல் எல்லாம் ஏறுகிறது. புதிதாக ஒரு ஃபயர் எஞ்சின் வாங்கப் போனால் இன்றைக்கு விலை பத்து லட்சம் டாலர் அளவில் நிற்கிறது, ஆர்டர் கொடுத்தபின் வண்டி கைக்கு வரவே வருஷக்கணக்கில் ஆகிறது. பணம் போதவில்லை என்றால் கடைசியில் கை வைப்பது ஆட்களில்தான். எரியும் கட்டடத்துக்குள் இரண்டு பேர் போனால் வெளியே இரண்டு பேர் தயாராக நிற்க வேண்டும் என்று விதி இருக்கிறது. மூன்று பேரோடு வரும் வண்டி உங்கள் வாசலுக்கே வந்துவிட்டாலும், உள்ளே ஆள் மாட்டியிருப்பது தெரிந்தால் ஒழிய, பொதுவாக அடுத்த வண்டி வரும்வரை உள்ளே நுழையாது. ஒரு வண்டியில் மூன்று பேரா நான்கு பேரா என்பதில் அவ்வளவு இருக்கிறது.

தீயே பிடிப்பதில்லையே, எதற்கு இவ்வளவு என்றும் சிலர் கேட்கிறார்கள். வரும் அழைப்புகளில் பெரும்பகுதி மருத்துவ அவசரம்தான். நெஞ்சுவலி என்று 911க்குக் கூப்பிட்டால் முதலில் வந்து சேர்வது பெரும்பாலும் ஃபயர் எஞ்சின்தான், இதயம் நின்றிருந்தால் அதில் வருகிறவர்கள் சிபிஆர் (நெஞ்சை அழுத்திச் செய்யும் முதலுதவி) தொடங்கிவிடுவார்கள், பின்னாலேயே உயர் பயிற்சி பெற்ற அவசர மருத்துவப் பணியாளரான பாராமெடிக் வருவார். கிங் கவுண்டியின் மெடிக் ஒன் என்ற அவசர மருத்துவச் சேவை அப்படி நடப்பதுதான், 1979இல் முதல் தடவையாக வாக்காளர்கள் அதற்கென்று தனி லெவி கொடுத்தார்கள். 2019இல் வாக்குக்கு வந்தபோது ஆயிரத்துக்கு 26.5 சென்ட் கேட்டு, ஜெயித்தது. அந்த வரி வேறு, இப்போது உங்கள் வாக்குச்சீட்டில் இருக்கும் ஃபயர் வரி வேறு, இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

வரி வேண்டாம், வேண்டியவர்கள் சந்தா கட்டட்டும் என்றும் ஒரு வாதம் உண்டு. டென்னசியில் சவுத் ஃபுல்டன் என்ற ஊரில் அப்படித்தான் இருந்தது, நகர எல்லைக்கு வெளியே இருப்பவர்கள் வருஷம் 75 டாலர் கட்ட வேண்டும். 2010இல் கட்டாத ஒருவரின் வீடு எரிந்தபோது வண்டி வந்தும் அணைக்கவில்லை, சந்தா கட்டியிருந்த பக்கத்து இடத்துக்குத் தீ பரவாமல் மட்டும் பார்த்துக்கொண்டார்கள். அதை நினைத்தாலே எனக்கு மனசு ஆறாது. எல்லோரும் சேர்ந்து கட்டும் வரிதான் சரி என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அதற்காக இந்த வரியில் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். சம்பளம் நின்றுபோன பெரியவர்களுக்கு இது பாரம்தான். 61 வயதும் அதற்கு மேலும் ஆன, வருமானம் குறைந்த வீட்டுச் சொந்தக்காரர்களுக்குச் சலுகை உண்டு, ஆனால் விண்ணப்பித்தால்தான் கிடைக்கும். அப்புறம், எச்1பி, கிரீன் கார்டில் இருப்பவர்கள் வரி கட்டுகிறார்கள், வாக்கு கிடையாது. ஆனால் ஃபயர் டிஸ்ட்ரிக்டை நிர்வகிக்கும் ஃபயர் கமிஷனர்களின் கூட்டம் எல்லோருக்கும் திறந்ததுதான், போய் உட்கார்ந்து கேள்வி கேட்கலாம்.

வாக்கு இருப்பவர்கள் சீட்டில் இரண்டு விஷயத்தைத் தேடுங்கள். இந்த ஒரு வருஷத்துக்கு மட்டும் உயர்வா, அல்லது ஆறு வருஷம் வரை தொடர்ந்து 1 சதவீதத்துக்கு மேல் ஏற்ற அனுமதி கேட்கிறார்களா? அடுத்து, காலம் முடிந்ததும் வரி பழைய கணக்குக்குத் திரும்புமா, அல்லது உயர்ந்த தொகையே நிரந்தர அடிப்படையாகிவிடுமா? ஒரே விகிதம் கேட்கும் இரண்டு லெவிகளுக்குள் பத்து வருஷத்தில் பெரிய வித்தியாசம் வருவது இந்த இரண்டாவது கேள்வியில்தான். வாக்காளர் கையேட்டில் அந்த வரியைப் படித்துவிட்டு அப்புறம் டிக் பண்ணுங்கள்.