சுண்டுவிரலுக்குச் சம உரிமை

நேயர்களுக்கு வணக்கம்.

பழைய மின் தட்டச்சுப்பொறிகளைப் பற்றிப் பேசுவதற்கு வானொலிதான் சரியான இடம் என்பது என் எண்ணம். படத்தில் பார்த்தால் அவை எல்லாமே கனமான பெட்டிகள். காதில் கேட்டால்தான் ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் உள்ள தூரம் புரியும். சுவிட்சைப் போட்டதும் ஒன்று உறுமும். ஒன்று முனகும். இன்னொன்று லேசாகச் சிணுங்கிவிட்டு, நீங்கள் விசையைத் தொடும்வரை வாய் திறக்காது.

கையால் இயக்கும் டைப்ரைட்டரில் அடித்த தாளைப் பார்த்தே, அடித்தவருடைய எந்த விரலுக்கு வலு குறைவு என்று சொல்லிவிடலாம். ஆங்கில விசைப்பலகையில் ‘ஏ’ எழுத்து இடது சுண்டுவிரலின் பங்கு. அது பெரும்பாலும் வெளிறித்தான் விழும். ஆள்காட்டி விரல் அடிக்கும் எழுத்துகளோ கருகருவென்று இருக்கும். வலது கைக்காரர் கொஞ்சம் கோபமாக இருந்தால் முற்றுப்புள்ளி தாளையே துளைத்துவிடும். மின் தட்டச்சுப்பொறியில் இந்தக் கதையே கிடையாது. விரல் செய்வது உத்தரவு போடுவது மட்டும்தான், அடிப்பது மோட்டார். சுண்டுவிரலும் ஆள்காட்டி விரலும் அங்கே சரிசமம்.

ஆகவே ஒரு மின் தட்டச்சுப்பொறியை மற்றொன்றோடு ஒப்பிடும்போது நிறத்தையும் பெயரையும் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். விரல் உத்தரவிட்ட கணத்துக்கும் எழுத்து தாளில் விழும் கணத்துக்கும் நடுவே உள்ளே என்ன நடக்கிறது என்று பாருங்கள். இன்பம், எரிச்சல் இரண்டும் அந்த இடைவெளியில்தான் இருக்கின்றன.

எழுத்துக் கம்பிகள், அதாவது முனையில் எழுத்து பொறித்த கம்பிகள், கொண்ட வகையிலிருந்து தொடங்குகிறேன். அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டியைச் சேர்ந்த ஜேம்ஸ் ஸ்மாதர்ஸ் என்பவர் 1914இல் நடைமுறைக்கு ஏற்ற ஓர் அமைப்பை உருவாக்கினார். பொறியின் அடியில் ஓர் உருளை ஓயாமல் சுழன்றுகொண்டிருக்கும். விசையைத் தொட்டால், அந்த எழுத்துக்குரிய சிறு நெம்பு, ஓடும் பஸ்ஸில் தாவி ஏறுகிற ஆளைப் போல அந்த உருளையைப் பற்றிக்கொள்ளும். உருளையின் வேகம் கம்பிக்குப் போகும், கம்பி தாளில் அறையும், நெம்பு உடனே விலகிவிடும். விரல் கொடுத்த பலம் நெம்பை உருளையிடம் கொண்டு சேர்த்ததோடு சரி. இதே வழியில் வந்த எலக்ட்ரோமேட்டிக் என்ற நிறுவனத்தை ஐபிஎம் 1933இல் வாங்கியது. 1935இல் தன் முதல் மின் தட்டச்சுப்பொறியைச் சந்தைக்குக் கொண்டு வந்தது.

இந்த வகையில் எனக்கு மிகவும் வியப்பூட்டுவது ஐபிஎம் எக்ஸிகியூட்டிவ். சாதாரணத் தட்டச்சில் ஆங்கிலத்தின் ‘ஐ’ என்ற ஒல்லி எழுத்துக்கும் ‘எம்’ என்ற அகல எழுத்துக்கும் ஒரே இடம்தான். எக்ஸிகியூட்டிவ் அப்படி இல்லை. ஒல்லி எழுத்துக்கு இரண்டு அலகு, அகல எழுத்துக்கு ஐந்து அலகு என்று அளந்து கொடுக்கும். தாளைப் பார்த்தால் அச்சுக்கூடத்தில் கோத்தது போலவே இருக்கும். ஆனால் பிழை செய்துவிட்டால் தொலைந்தது. பின்னோக்கிப் போகும் விசை ஒரு தடவைக்கு ஓர் அலகுதான் நகரும். அடித்த எழுத்து எத்தனை அலகு என்று மனப்பாடமாகத் தெரிந்தால்தான் சரியான இடத்துக்குத் திரும்ப முடியும். கடிதத்தின் அழகுக்காக இவ்வளவு பாடுபடத் தயாராக இருந்த அலுவலகங்கள் அந்தக் காலத்தில் இருந்திருக்கின்றன.

கையில் எடுத்துப் போகக்கூடிய மின் தட்டச்சுப்பொறியை ஸ்மித்-கொரோனா 1957இல் கொண்டு வந்தது. எடுத்துப் போகலாம் என்பது விளம்பரக்காரர்கள் சொன்ன வார்த்தை. தூக்கிப் பார்த்தவர்களுக்கு வேறு வார்த்தைகள் வரும். இத்தாலியின் ஒலிவெட்டி 1960களில் எட்டோரே சோட்சாஸை வைத்து வடிவமைத்த பிராக்ஸிஸ் 48ஐ அழகுக்காகவே பலர் தேடி வாங்குகிறார்கள். அந்தக் கூர்மையான விளிம்புகளும் தாழ்ந்த உடம்பும் இன்றைக்கும் மேசையில் பழசாகத் தெரிவதில்லை. எனக்கும் அதைப் பார்க்கப் பிடிக்கும். ஆனால் நீண்ட நேரம் எழுத வேண்டுமென்றால் நான் முதலில் தேடுவது அழகை அல்ல.

இனி செலக்ட்ரிக். இதைப் பற்றித்தான் கொஞ்சம் அதிகமாகப் பேசப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஐபிஎம் 1961 ஜூலையில் வெளியிட்ட இந்தப் பொறியில் எழுத்துக் கம்பிகளே கிடையாது. தாளைச் சுமந்துகொண்டு இடமும் வலமுமாக நகரும் வண்டியும் கிடையாது. தாள் அசையாமல் நிற்கும். அதற்கு முன்னால் ஓர் உருண்டை வலப்புறமாக நகர்ந்துகொண்டே போகும். கால்ஃப் பந்து என்று எல்லோரும் அழைத்த அந்த உருண்டையைச் சுற்றி 88 எழுத்துகள் புடைத்து நிற்கின்றன. நான்கு வரிசை, ஒவ்வொரு வரிசையிலும் 22. முன்பாதியில் சின்ன எழுத்துகள், பின்பாதியில் பெரிய எழுத்துகள். ஷிஃப்ட் விசையை அழுத்தினால் உருண்டை அரைச்சுற்று திரும்பிக்கொள்ளும். எழுத்து வடிவத்தை மாற்ற வேண்டுமா? உருண்டையைக் கழற்றி வேறொன்றை மாட்டினால் போதும். எழுத்துகளை ஒரே சக்கரத்தில் வைப்பது புது யோசனை அல்ல. பிளிக்கென்ஸ்டெர்ஃபர் நிறுவனம் 1902இலேயே அப்படி ஒரு மின்சார மாடலைச் செய்தது. அப்போது அதை வாங்க ஆள் இல்லை.

செலக்ட்ரிக்கின் உள்ளே பார்த்தால் மலைப்பாக இருக்கும். சுமார் 2,800 பாகங்கள். ஒவ்வொரு விசைக்கும் அடியில் ஒரு நீண்ட உலோகத் தகடு. அந்தத் தகட்டின் அடியில் சில பற்கள். எந்தெந்த இடத்தில் பல் இருக்கிறது, எங்கே இல்லை என்பதுதான் அந்த எழுத்தின் முகவரி. விசையைத் தொட்டதும் தகடு முன்னால் தள்ளப்பட்டு, தன் பற்கள் எட்டுகிற சட்டங்களை மட்டும் நகர்த்துகிறது. அந்த அசைவுகளைச் சில நெம்புகோல்கள் கூட்டிக் கழித்து, உருண்டை எவ்வளவு சாய வேண்டும், எவ்வளவு சுழல வேண்டும் என்று தீர்மானிக்கின்றன. மின்னணுச் சில்லு ஒன்றுகூட இல்லாமல் இரும்பிலேயே நடக்கிற கணக்கு இது. நொடிக்குச் சுமார் 15 எழுத்து வரை ஈடு கொடுக்கும். தேர்ந்த தட்டச்சரும் அதைத் தாண்டி ஓடுவது அரிது.

அதற்குள் எனக்குப் பிடித்த இரண்டு சின்ன விஷயங்கள். ஒன்று, சிறு எஃகுக் குண்டுகள் வரிசையாக நிரம்பிய ஒரு குழாய். குண்டுகளுக்கு நடுவே மிச்சம் இருக்கும் இடம் ஒரே ஒரு தகடு நுழையும் அளவுதான். அதனால் இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்தினாலும் இரண்டு தகடுகளும் ஒன்றாக இறங்க முடியாது. கம்பிகள் ஒன்றோடொன்று சிக்கி நிற்கிற பழைய தலைவலி இதோடு ஒழிந்தது. இரண்டாவது, முற்றுப்புள்ளியும் காற்புள்ளியும். எல்லா எழுத்துக்கும் ஒரே பலம் என்றால் புள்ளி தாளைக் குத்திக் கிழிக்க வேண்டும் அல்லவா? சின்னக் குறிகளுக்கு மட்டும் மெதுவாக அடிக்கும்படி உள்ளே தனி ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். தாளைத் திருப்பிப் பின்பக்கம் தடவிப் பாருங்கள். புள்ளிகள் குத்தியே இருக்காது.

உள்ளே எல்லாமே சட்டங்களின் அசைவு என்பதால் வேறொரு வினையும் வந்தது. மாஸ்கோவிலும் லெனின்கிராடிலும் இருந்த அமெரிக்கத் தூதரக அலுவலகங்களின் செலக்ட்ரிக் பொறிகளுக்குள் சோவியத் உளவுத்துறை கருவிகளை ஒளித்து வைத்திருந்தது. சட்டங்கள் அசைவதைக் காந்த உணரிகள் கவனித்து, எந்த எழுத்து அடிக்கப்பட்டது என்று வெளியே ஒலிபரப்பின. 1984இல் கண்டுபிடித்தபோது 16 பொறிகளில் அந்தக் கருவிகள் இருந்தன. ரகசியக் கடிதம் தாளில் விழும்போதே வேறொருவர் அதைப் படித்துக்கொண்டிருந்தார்!

செலக்ட்ரிக்கில் எழுதும் சுகம் எப்படி? சுவிட்சைப் போட்டதிலிருந்து மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். அந்த உறுமல் ‘எழுது, எழுது’ என்று விரட்டுவதாகப் பலர் குறைப்படுகிறார்கள். எனக்கு அது தொந்தரவாகத் தோன்றியதில்லை. வீட்டின் மற்றச் சத்தங்களை அது மூடிவிடுகிறது. விசை பாதி இறங்கும்போதே ஒரு சின்ன ‘டக்’, உடனே எழுத்து விழுந்த ‘டப்’. இரண்டுக்கும் நடுவே இடைவெளி இருப்பதே தெரியாது. ஆனால் கையைத் தூக்கியே வைத்திருக்கப் பழக வேண்டும். கைப்பொறியில் விரல்களை விசைகளின் மேல் சாய்த்துக்கொண்டு யோசிப்பவர்கள் இங்கே அப்படிச் செய்தால், யோசனை முடிவதற்குள் தாளில் ஒரு பொருளற்ற சொல் முளைத்திருக்கும்.

பிழை திருத்துவது தனிக் கதை. மின் தட்டச்சுப்பொறிகளோடு வந்த கார்பன் ஃபிலிம் ரிப்பன் எழுத்தைக் கருமையாக, கூர்மையாகப் பதிக்கும். ரப்பரால் தேய்த்தால் தாளெல்லாம் கறுப்பாகும். இந்த அவதியில்தான் டெக்சாஸில் ஒரு வங்கிச் செயலாளராக இருந்த பெட் நெஸ்மித் கிரஹாம் 1950களில் வெள்ளைப் பூச்சு ஒன்றைக் கலந்து புட்டியில் அடைத்தார். பின்னால் லிக்விட் பேப்பர் என்று உலகம் அறிந்தது அதுதான். 1979இல் அந்த நிறுவனம் 4.75 கோடி டாலருக்கு விலை போனது. ஐபிஎம்மோ 1973இல் பிழை திருத்தும் செலக்ட்ரிக்கை வெளியிட்டது. ஒட்டும் நாடா ஒன்று தவறான எழுத்தைத் தாளிலிருந்து அப்படியே உரித்து எடுத்துவிடும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஃபிலிம் ரிப்பன் ஒரே முறைதான் ஓடும். அடித்த எழுத்துகள் அதில் வரிசையாகக் கண்ணாடித் துளைகளாக நிற்கும். அதைக் குப்பையில் போடுவது கடிதத்தையே போடுவதற்குச் சமம்.

டெய்சி சக்கரம், அதாவது பூவிதழ்களைப் போன்ற காம்புகளின் நுனியில் எழுத்துகள் இருக்கும் வட்டு, கொண்ட மின்னணுத் தட்டச்சுப்பொறிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒலிவெட்டி 1978இல் இந்த வழிக்கு வந்தது. ஐபிஎம்மின் வீல்ரைட்டர் 1984இல் வந்தது. உறுதியானவை, பழுது குறைந்தவை, ஒரு வரியையே நினைவில் வைத்துத் தானே அழித்துத் தரக்கூடியவை. ஒருவருக்குத் தினமும் வேலைக்கு வேண்டுமென்றால் இதையே சிபாரிசு செய்வேன். ஆனால் வேகமாக அடிக்கும்போது பொறி நம் பின்னால் ஓடிவருகிறது. நாம் நிறுத்திய பிறகும் அது இரண்டு மூன்று எழுத்துகளை அடித்து முடிக்கிறது. அந்த இடைவெளி எனக்கு ஒத்துவரவில்லை.

வாங்க நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். பழைய மின் தட்டச்சுப்பொறியைக் கெடுப்பது பெரும்பாலும் தேய்மானம் அல்ல, கெட்டிப்பட்ட கிரீஸ். பல ஆண்டுகள் ஓடாமல் கிடந்தால் மசகு பசையாகிவிடும். ஷிஃப்ட் திரும்பாது, வரி திரும்பும் விசை பாதியில் நிற்கும். அதன் மேல் மேலும் எண்ணெய் ஊற்றுவதுதான் எல்லோரும் செய்கிற காரியம். அது பசையை அதிகப்படுத்தும். பழையதைக் கரைத்துத் துடைத்துவிட்டு, புதியதைத் துளியளவு வைக்க வேண்டும். செலக்ட்ரிக்கில் மோட்டாரின் சுழற்சியை வாங்கும் பிளாஸ்டிக் பாகம் ஒன்று வயதானால் விரிசல் விடும் என்பதால், உறுமல் கேட்டும் எழுத்து விழாவிட்டால் முதலில் அங்கே பாருங்கள். வெளிநாட்டுப் பொறி என்றால் வோல்ட்டை மட்டும் பார்த்தால் போதாது. 60 ஹெர்ட்ஸுக்குச் செய்த மோட்டார் 50 ஹெர்ட்ஸில் மெதுவாகத்தான் சுழலும், டிரான்ஸ்ஃபார்மர் அதைச் சரி செய்யாது. உள்ளே கையை விடுவதற்கு முன் பிளக்கைப் பிடுங்கி வையுங்கள். சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது.

கடைசியாக, ஒன்றே ஒன்று வைத்துக்கொள்ளலாம் என்றால் எது என்று என்னைக் கேட்பார்கள். செலக்ட்ரிக் என்று சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். இல்லை. எழுத்துகளை மின்சாரம் அடிக்க, வரி முடிந்ததும் நாமே நெம்பைப் பிடித்து வண்டியைத் தள்ள வேண்டிய அந்தப் பழைய ஸ்மித்-கொரோனா வகைதான் என் தேர்வு. அரைகுறை மின்சாரம் என்று கேலி செய்வார்கள். ஆனால் ஒவ்வொரு வரியின் முடிவிலும் கை ஒரு முறை விசைப்பலகையை விட்டு வெளியே போய் வருகிறது. அந்த நேரத்தில் அடுத்த வரி எப்படித் தொடங்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்துவிடுகிறது. செலக்ட்ரிக்கில் அந்த நேரம் எனக்குக் கிடைப்பதில்லை; உருண்டை இடப்பக்கம் போய் எனக்கு முன்னால் காத்திருக்கிறது.

நன்றி, வணக்கம்.