மறுகா ஒருக்கா, மனே

நடுவர் ஐயாவுக்கும் சபையோருக்கும் வணக்கம். ஆண் பிள்ளைக்குத் தன்னம்பிக்கை தருவது கண்டிப்பா, பாராட்டா எண்டு கேட்டிருக்கிறீங்க. பாராட்டுத்தான்.

எதிரணித் தம்பி பெரிய கைதட்டு வாங்கிக்கொண்டு போய் இருக்கிறார். என்ன சொன்னவர்? "பாராட்டி வளர்த்த பொடியன் பப்பாசி மரம், ஒரு காத்துக்கு முறிஞ்சிருவான். அடிச்சு வளர்த்தவன் தென்னை, நிமிர்ந்து நிப்பான்." தம்பி, 1978 நவம்பர் 23ஆம் திகதி நீங்க பிறந்திருக்கல்ல. முன்வரிசையில இருக்கிற அம்மம்மாமாரைக் கேளுங்க. அண்டைக்கு அடிச்ச சூறாவளியில மட்டக்களப்பில தோட்டம் தோட்டமாச் சரிஞ்சது எது? நீங்க சொன்ன அதே தென்னை! அதை ஆரும் பாராட்டியா வளர்த்தாங்க? காத்து வந்தா எதுவும் விழும் தம்பி. விழுந்த பொடியன் எப்பிடி எழும்புவான் எண்டதுதான் இங்க கதை.

வாவிக்கு மேற்குப் பக்கம், படுவான்கரையில ஒரு பொடியன். பதின்மூண்டு வயசு. கொன்னல். வகுப்பில வாசிக்க எழும்பினா முதல் எழுத்திலயே நிண்டிருவான், பின்வாங்கில சிரிப்பு. வீட்ட தகப்பன், "ஆம்பிளப் பிள்ள, நாலு சொல்லு நேராப் பேச ஏலாதா?" எண்டு அடிப்பார். அடிக்க அடிக்க நாக்கு இன்னும் இறுகிச்சு.

அந்த வருசம் ஊரில வடமோடிக் கூத்து, ஆட்டமும் பாட்டுமான எங்கட நாடகம், பழக்கினாங்க. கூத்துப் பழக்குற அண்ணாவியார் இவனைக் கூப்பிட்டு ஒரு சின்னப் பாத்திரத்துக்குப் பாட்டெழுதின சட்டம் குடுத்தார். ஊரே சிரிச்சது. கொன்னலுள்ள கனபேருக்குப் பாடக்குள்ள நாக்குத் தடுக்காது, அது அண்ணாவியாருக்குத் தெரியும். ஆனா முதல் நாள் பயத்தில குரலே வரல்ல. மத்தளத்தை ஒரு தட்டுத் தட்டிப்போட்டு, இன்னொருதரம் பாடு மகனே எண்டு சொன்னார்: "மறுகா ஒருக்கா, மனே." அரை அடி வந்தது. "மறுகா ஒருக்கா, மனே." கால் பிழைச்சுது, தாளம் விட்டுது. அண்ணாவியார் என்ன சொல்லியிருப்பார்? நீங்களே சொல்லுங்க! பின்னுக்கு இருக்கிறவங்க, கேக்கல்ல!

"நீ பெரிய கெட்டிக்காரன்" எண்டு அவர் ஒருநாளும் பொய் சொல்லல்ல. பிழையைத் திருத்தினார், ஆளை உடைக்கல்ல. நாங்க பாராட்டு எண்டுறது இதைத்தான்.

அரங்கேற்ற இரவு. வட்டக்களரி மேடைக்குள்ள பொடியன் சதங்கையோட வாறான், முதலடி பாடுறான். கூத்து வழமை உங்களுக்குத் தெரியும்: ஆடுறவர் பாடின அடியைப் பிற்பாட்டுக்காரர் வாங்கித் திரும்பப் பாடுவாங்க. இவ்வளவு காலமும் அவன் வாய் திறந்தாத் திரும்பி வந்தது சிரிப்பு. அண்டைக்கு அவன்ட குரல் பாட்டாத் திரும்பி வந்தது! தகப்பன் சனத்துக்கு நடுவில எழும்பி நிண்டிட்டார்.

எதிரணிக்கு இன்னும் பதில் இருக்கு, அதை விடுறன். தகப்பன்மாரோட ஒண்டு கதைக்கோணும். எங்கட மட்டக்களப்பில வீடு மகளுக்கு. மகன் கலியாணம் முடிச்சா மனிசிட வீட்ட போறான். அந்த முறையில எனக்குக் குறையில்ல. மகளுக்குக் கல்வீடு கட்டவெண்டு எத்தனை தகப்பன்மார் கட்டார் வெயிலில நிக்கிறாங்க! ஆனா படலையைத் தாண்டிப் போற மகனுக்கு என்னத்தக் குடுத்து அனுப்புறம்? நீங்க அவனோட கதைச்ச கதை மட்டும்தான் ஐயா அவனோட போகும். அஞ்சாம் ஆண்டுப் புலமைப்பரிசில் சோதினையில வெட்டுப்புள்ளி வரல்ல எண்டு பத்து வயசுப் பிள்ளையை ஏசிப் பட்டினியாப் படுக்க விடாதீங்க. அவன் அழுதா, "பொம்பிளையாடா நீ" எண்டு கேக்காதீங்க. தோளில கையைப் போடுங்க.

மணி அடிக்கிறாங்க. நடுவர் ஐயா, தீர்ப்பை நீங்க விரும்பின பக்கம் குடுங்க. தகப்பன்மாரே, இண்டிரவு வீட்ட போய்ப் பொடியனைப் பக்கத்தில இருத்திச் சோறு தின்னுங்க. நன்றி, வணக்கம்.