பன்னெண்டரை சென்ட் பாறையும் ஒரு காவியமும் (நேத்து மேடையில பேசினது)

தலைவர் ஐயா அவர்களே, எனக்கு முன்னாடி பேசி கைதட்டலை மொத்தமா அள்ளிக்கிட்டுப் போன தமிழாசிரியை அம்மா அவர்களே, மைக் செட் தம்பி உட்பட எல்லாருக்கும் வணக்கம். பொன்னாடை போத்துன செயலாளர் அண்ணனுக்குத் தனி நன்றி. போன வருஷமும் இதே கலர்தான் போத்துனாரு, அதே துண்டான்னு கேக்க மாட்டேன்.

அயர்லாந்துக் கவிதை பத்தி மூணு விஷயம் சொல்லணும்: ஊரு, மொழி, புலம்பெயர்ந்தவங்க. 'தன் ஊருக்கு ஆனை, அயலூருக்குப் பூனை'ம்பாங்கல்ல, எனக்கு ரொம்பப் பிடிச்ச பழமொழி, அதை வச்சே பாப்போம்.

பேட்ரிக் கவனான்னு ஒரு கவிஞர், 1904ல பொறந்தவரு, மோனகன் பக்கம் இனிஸ்கீன் கிராமம், அப்பா செருப்புத் தைக்கிறவரு, கொஞ்சம் நிலமும் உண்டு. இவரு 'காவியம்'னு பேரு வச்சு ஒரு கவிதை எழுதுனாரு, மொத்தமே பதினாலு வரி, உள்ள பாத்தா வரப்புத் தகராறு! அரை ரூட் பாறை நிலம், நம்ம கணக்குல பன்னெண்டரை சென்ட்டு, அதுக்கு ரெண்டு குடும்பம் வைக்கோல் அள்ளுற கவைக்கம்போட நிக்குது, ஒரு பக்கம் நாசமாப் போடான்னு கத்துறாங்க, இந்தப் பக்கம் ஒரு கிழவர் சட்டையக் கழட்டிப் போட்டுட்டு, இந்தா இதான்யா எல்லைன்னு காலால அளந்துக்கிட்டே நடக்குறாரு. (எங்க சித்தப்பா இதே மாதிரி நடந்து வேட்டி முள்ளுல மாட்டிக்கிச்சு, அது வேற கதை.) அப்ப வருஷம் 1938, அங்க ஜெர்மனியில மியூனிக்ல ஹிட்லர் கூட ஒப்பந்தம் பேசிக்கிட்டிருக்காங்க. எது பெருசு? கவிஞருக்கே ஊரு மேல நம்பிக்கை விட்டுப் போற நேரத்துல பழைய கிரேக்கக் கவிஞர் ஹோமரோட ஆவி வந்து காதுல ஓதுது, என் போர்க் காவியம் இலியட்டை நானும் இப்படி ஒரு உள்ளூர்ச் சண்டையில இருந்துதான் செஞ்சேன்னு. பூனை ஆனையாயிடுச்சு பாருங்க!

இன்னொரு கவிஞர் ஷேமஸ் ஹீனி கதை வேற. பிரிட்டனோட சேர்ந்திருக்கிற வடக்கு அயர்லாந்துல பொறந்தவரு. 1982ல வந்த பிரிட்டிஷ் கவிதைத் தொகுப்புல இவரையும் சேத்துட்டாங்க. அடுத்த வருஷமே கவிதையாவே ஒரு கடிதம் எழுதி, என் பாஸ்போர்ட் பச்சைன்னுட்டாரு, அதாவது நான் அயர்லாந்துக்காரன்னு. அயலூர்ல நாற்காலி போட்டாலும் பூனையா உக்கார மாட்டேன்னு அர்த்தம். 1995ல நோபல் அவரைத் தேடி வந்துச்சு.

மொழிக்கு வரேன். நூலா நீ கோனல்னு ஒரு பெண் கவிஞர், பொறந்தது இங்கிலாந்து, கவிதை எழுதுறது அயர்லாந்தோட சொந்த மொழி ஐரிஷ்ல மட்டும். பைபிள்ல குழந்தை மோசேயை நாணல் கூடையில விட்ட மாதிரி என் நம்பிக்கையை இந்த மொழிப் படகுல விடுறேன், யார் கையில போய்ச் சேருமோங்கிறாங்க.

1824ல இருந்து பிரிட்டிஷ் ராணுவம் அயர்லாந்துக்கு மேப் போட்டப்ப ஐரிஷ் ஊர்ப்பேரையெல்லாம் இங்கிலீஷ் காதுக்கு ஏத்தபடி எழுதிட்டாங்க. தூத்துக்குடி டூட்டிகோரின் ஆன நமக்கு இதை விளக்கணுமா? ஹீனி, தொண்டையைச் செருமுற மாதிரி முடியுற ஒரு ஊர்ப்பேரைப் பிடிச்சு, வெளியூர்க்காரன் வாய்ல இது நுழையலைன்னு ஒரு கவிதையே எழுதினாரு. நம்ம 'ழ' மாதிரி.

இதுக்குத்தான் ரெண்டு வருஷமா கத்துறேன், நம்ம வயக்காட்டுப் பேரு, மடைப் பேரு, ஓடைப் பேரையெல்லாம் எழுதி வைங்க! பத்திரத்துல சர்வே நம்பர்தான் இருக்கு, பேரு பெருசுங்க வாயிலதான் இருக்கு.

மூணாவது பாயிண்ட்டு... தலைவர் வாட்சைப் பாக்குறாரு. முதல் வரிசையில இருந்து ஒரு நோட்டு வருது, ஆளுக்கு ஒரு பேராவது எழுதுங்க. பேனாவை நூல்ல கட்டிருக்கேன், அவுத்துட்டுப் போயிடாதீங்க.