கைக்குழந்தைக்குக் கற்பூர எண்ணெய் தடவலாமா?

அடுத்த கேள்வி கடலூர் முதுநகரிலிருந்து. குழந்தை பிறந்து ஐம்பது நாள். சளி பிடித்தால் மாமியார் தேங்காய் எண்ணெயில் கற்பூரம் போட்டுக் காய்ச்சி நெஞ்சில் தடவுகிறாராம். குளிப்பாட்டியதும் கழுத்து மடிப்பில் பவுடர். இதற்கிடையில் இவர் வாங்கிய லோஷனில் 'பீனாக்ஸிஎத்தனால்' என்று போட்டிருக்கிறதாம். "தூக்கிப் போட்டுவிடவா டாக்டர்?" என்று கேட்கிறார்.

லோஷன் இருக்கட்டும் அம்மா. எனக்குப் பயம் அந்தக் கற்பூர எண்ணெய்தான். இன்றைக்கே நிறுத்திவிடுங்கள். கற்பூரம் தோல் வழியாகவும் போகும், மூச்சிலும் போகும். அதை முறித்து வெளியேற்றுகிற பக்குவம் கைக்குழந்தையின் கல்லீரலுக்கு இன்னும் வரவில்லை. அளவு மீறினால் வலிப்பு வரும். வீட்டில் கிள்ளிப் போடுகிற வில்லைக்கு அளவு ஏது?

'மேலே தடவுவதுதானே' என்று நினைக்காதீர்கள். 1972-ல் பிரான்சில் ஒரு குழந்தைப் பவுடரில் ஹெக்சாகுளோரோஃபீன் என்ற கிருமிநாசினி தவறுதலாக நிறையக் கலந்துவிட்டது. 36 குழந்தைகள் இறந்துபோனார்கள். யாரும் அதை வாயில் ஊட்டவில்லை, உடம்பில் பூசினார்கள், அவ்வளவுதான். இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு மனது பதறுகிறது.

மாமியாரோடு சண்டை வேண்டாம். அவர் கையாலேயே வெறும் தேங்காய் எண்ணெயைத் தடவட்டும், போதும். மூக்கடைப்புக்கு உப்புநீர்ச் சொட்டு மருந்து இருக்கிறது. குழந்தைக்கு மூச்சு வாங்கினாலோ, பால் குடிக்காவிட்டாலோ, உடம்பு சுட்டாலோ காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

பவுடரும் வேண்டாம். நம் கடலோரப் புழுக்கத்தில் அது வியர்வையோடு சேர்ந்து மடிப்பில் கட்டிக்கொள்ளும். தட்டும்போது பறக்கிற தூள் நுரையீரலுக்குள் போகும். மடிப்பை ஈரமில்லாமல் ஒற்றி எடுத்தாலே போதும்.

சரி, லோஷன். பீனாக்ஸிஎத்தனால் அதில் கிருமி வளராமல் தடுக்கச் சேர்ப்பது. ஐரோப்பாவில் 1 சதவீதம் வரை அனுமதி உண்டு. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு டயப்பர் போடும் இடத்தில் மட்டும் வேண்டாம் என்று 2012-ல் பிரான்சின் மருந்துக் கண்காணிப்பு அமைப்பு பரிந்துரைத்தது. நீங்களும் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். அடுத்த முறை வாசனை சேர்க்காததாக வாங்குங்கள்.

அப்புறம், நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். குழந்தையைச் சுற்ற டிரங்குப் பெட்டியிலிருந்து பழைய வேட்டி எடுப்பீர்கள். அதில் பாச்சை உருண்டை போட்டு வைத்திருந்தால் அந்தத் துணி குழந்தைக்கு வேண்டாம். ஜி6பிடி குறைபாடு, அதாவது ரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைக்கு அந்த நெடியே ரத்த அணுக்களை உடைத்துக் கடுமையான மஞ்சள் காமாலையில் கொண்டுபோய் விடும். குறைபாடு இருப்பது பெரும்பாலும் அப்போதுதான் வீட்டுக்கே தெரியவரும்.