மேளத்தைப் பறித்தார்கள், பாட்டு நிற்கவில்லை

அவையோருக்கு வணக்கம்.

கலிப்சோ இசை என்றால் நம்மில் பலருக்குக் கடற்கரையும் தென்னை மரமும்தான் நினைவுக்கு வரும். ஹாரி பெலஃபான்டே 1956-இல் 'கலிப்சோ' என்ற பெயரிலேயே வெளியிட்ட இசைத்தட்டு அமெரிக்காவில் சக்கைப்போடு போட்டது. அந்த மயக்கம் இன்னும் தெளியவில்லை. அருமையான பாடகர் அவர். ஆனால் அதில் புகழ்பெற்ற வாழைப்பழப் பாட்டு, ஜமைக்காக் கூலித் தொழிலாளிகளுடையது. கலிப்சோவின் சொந்த ஊர் கரீபியத் தீவான டிரினிடாட். அங்கே அது வாயடைக்க வந்தவர்களோடு மல்லுக்கு நின்றே வளர்ந்த பாட்டு.

மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் 1838-இல் முழு விடுதலை பெற்றார்கள். அதன்பின் கார்னிவல் திருவிழா அவர்கள் கைக்கு வந்தது. தீப்பந்தம், சிலம்பம் போன்ற கம்புச் சண்டை, மேளம், முன்னால் நின்று பாட்டெடுத்துக் கொடுக்கும் ஒருவர், பின்பாட்டுப் பாடும் கூட்டம். அப்போது பாட்டெல்லாம் பிரெஞ்சு கலந்த பேச்சுமொழியில்தான். ஆங்கிலேய ஆட்சிக்கு இது பொறுக்கவில்லை. 1881-இல் தலைநகர் போர்ட் ஆஃப் ஸ்பெயின் தெருவில் காவல்துறை தடியோடு இறங்கியது; மக்கள் திருப்பி அடித்தார்கள். 1884-இல் சட்டம் போட்டு மேளத்தை ஒடுக்கினார்கள்.

அதே 1884-இல் டிரினிடாட்டின் இன்னொரு நகரமான சான் ஃபெர்னாண்டோவில் இன்னொன்றும் நடந்தது. கரும்புத் தோட்டத்து இந்தியத் தொழிலாளர்கள் மொகரம் ஊர்வலம் போனபோது காவல்துறை சுட்டது, பலர் செத்தார்கள். 1845 முதல் கப்பல் கப்பலாக வந்த ஒப்பந்தக் கூலிகள் அவர்கள். பெரும்பாலோர் கல்கத்தாவில் ஏறியவர்கள், சென்னையிலிருந்து போன கப்பல்களும் உண்டு. ஒரே ஆண்டில் இரண்டு சமூகங்களின் மேளத்தின்மீதும் அரசு கை வைத்தது. இந்த ஆண்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, மேளம் போய்விட்டது. என்ன செய்தார்கள்? மூங்கிலை வெட்டினார்கள். ஆள் உயரத்துக்குச் சற்றே குறைவான தடித்த மூங்கிலைத் தரையில் குத்தினால் அடிநாதம். இரண்டு குட்டைத் துண்டுகளை முனையோடு முனை மோதினால் நடுச்சுரம். மெல்லிய குழலைத் தோளில் சாய்த்துக் குச்சியால் தட்டினால் அதற்குமேல் துள்ளும் சிறு தாளம். 'தம்பூ பாம்பூ' என்ற இந்தக் கூட்டங்கள்தான் பல பத்தாண்டுகள் தெருவை ஆண்டன. அப்புறம் பிஸ்கட் டின், குப்பைத் தொட்டி. கடைசியில் எண்ணெய் பீப்பாயின் அடிப்பக்கத்தைச் சுத்தியலால் தட்டித் தட்டிச் சுரம் பிரித்த ஸ்டீல் பேன்.

மேளத்துக்கு அடுத்து அரசு வார்த்தைக்கும் காவல் போட்டது. 1930-களில் பாட்டு வரிகள் தணிக்கைக்கு உள்ளாயின. பாடகர்களோ அட்டிலா தி ஹன், ரோரிங் லயன் என்று அரசனையும் சிங்கத்தையும் பட்டப்பெயராகச் சூடிக்கொண்டு மேடையேறினார்கள். அட்டிலாவின் இயற்பெயர் ரேமண்ட் கெவேடோ. தணிக்கையைப் பாட்டிலேயே கேள்வி கேட்ட அவர், 1950-இல் சட்டமன்றத்துக்கே தேர்ந்தெடுக்கப்பட்டார்!

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் டிரினிடாட்டில் அமெரிக்கப் படைகள் வந்திறங்கின. டாலருக்காகத் தாயும் மகளும் படும் அவதியைக் கலிப்சோ பாடகர் லார்ட் இன்வேடர் 1943-இல் பாடினார். அமெரிக்கப் பாடகிகளான ஆண்ட்ரூஸ் சகோதரிகள் 1945-இல் அந்தப் பாட்டை அமெரிக்காவெங்கும் ஒலிக்க வைத்தார்கள். எழுதியவர் என்று வேறொருவர் பெயர் போட்டிருந்தது. இன்வேடர் நியூயார்க் நீதிமன்றம் ஏறி வழக்காடி வென்றார். ஒரு குட்டிக் காலனியின் தெருப்பாடகர் அமெரிக்கப் பாட்டு வணிகத்தோடு மோதி ஜெயித்தது சாதாரணமில்லை.

மைட்டி ஸ்பாரோ, லார்ட் கிட்சனர் ஆகியோரின் புகழைப் பேச நேரம் போதாது. ஆண்கள் கோட்டையாக இருந்த மேடையில் 1978-இல் கலிப்சோ ரோஸ் என்ற பெண் போட்டியில் முதலிடம் பெற்றார். அதுவரை 'கலிப்சோ அரசன்' என்றிருந்த பட்டத்தையே அதற்காக மாற்ற வேண்டியதாயிற்று.

இப்போது 1884-க்கு, அன்று அரசு கை வைத்த அந்த இரண்டு மேளங்களுக்கு வருவோம். 1970-களில் ஜமைக்காவின் ரெக்கே இசை அலையில் கலிப்சோ அழிந்துவிடுமோ என்று கலிப்சோ பாடகர் லார்ட் ஷார்ட்டி கவலைப்பட்டார். இந்தியர் நிறைந்த வட்டாரத்தில் வளர்ந்தவர் அவர். காதில் இருந்த டோலக்கையும், இரும்புக் கம்பியைத் தட்டி வாசிக்கும் தந்தாலையும் கலிப்சோவில் சேர்த்தார். கலிப்சோவைக் கெடுக்கிறார் என்று எதிர்ப்பு கிளம்பியது. அவர் சளைக்கவில்லை, இந்திய வாத்தியங்களை விலக்கிவிட்டு, அவற்றின் தாளக்கட்டை மட்டும் டிரம், கிட்டார், இரும்புத் தாளம் ஆகியவற்றுக்கு மாற்றினார். வாத்தியம் போனாலும் அடி போகவில்லை. அந்த இசைதான் சோகா. இன்று டிரினிடாட் கார்னிவல் ஊர்வலங்கள் நடப்பது பெரும்பாலும் அதன் தாளத்துக்குத்தான்.