காருக்கு ஒரு மலிவுத் துப்பாக்கி: 300 டாலருக்குள் எதை வாங்கலாம், எங்கே வைக்கலாம்

[திரையில்: அடகுக் கடையின் கண்ணாடிப் பெட்டி. கேமரா மேல்தட்டிலிருந்து கீழ்த்தட்டுக்கு இறங்குகிறது.]

வணக்கம். டெக்சாஸ், ஜார்ஜியா, அரிசோனா பக்கம் துப்பாக்கி விற்கும் அடகுக் கடைகளில் மேல்தட்டு கிளாக்குக்கும் சிக் சாவருக்கும் உரியது. கீழ்த்தட்டில் பெரும்பாலும் தலை கனத்த, சதுரமான, அழகில்லாத ஒரு கறுப்புத் துப்பாக்கி கிடக்கும். ஹை-பாயிண்ட் சி9. விலை 200 டாலருக்கு அக்கம்பக்கம்.

அதை வாங்குகிறவர்களில் பலர் இடுப்பில் செருகிக்கொள்ள வாங்குவதில்லை. பிக்-அப் வண்டியிலோ காரிலோ போட்டுவைக்க வாங்குகிறார்கள். டிரக் கன் என்று அதற்குப் பெயரே உண்டு. வெயிலில் காய்ந்தாலும், துருப்பிடித்தாலும், களவே போனாலும் மனம் பதறாத விலையில் ஒன்று இருந்தால் போதும் என்பது அவர்கள் கணக்கு.

அந்தக் கணக்கில் பாதி சரி, பாதி தவறு. துப்பாக்கியின் விலையில் சிக்கனம் பார்க்கலாம், அதைப் பூட்டிவைக்கும் பெட்டியில் பார்க்கக் கூடாது. இரவு முழுவதும் வீட்டு வாசலில் நிற்கும் காருக்குள் கிடக்கப்போகிறது என்றால், எந்த விலைக்கும் வாங்கவே வேண்டாம். ஏன் என்று பார்ப்போம்.

[திரையில்: கடையில் வாங்குபவர் நிரப்பும் 4473 படிவம்.]

அதற்கு முன் அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்களுக்கு ஒரு செய்தி. எச்-1பி, எல்-1, எஃப்-1, எச்-4 போன்ற தற்காலிக விசாவில் வந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ கைவசம் வைத்திருப்பது கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் உள்ளவர்களுக்கு விலக்கு உண்டு. மற்ற விலக்குகள் மிகக் குறைவு. தண்டனை 15 ஆண்டுகள் வரை போகலாம். 2022-ல் வந்த சட்டம் அதை உயர்த்தியது. கடையில் நிரப்பும் 4473 படிவத்திலேயே குடியுரிமை எந்த நாடு, தற்காலிக விசாவில் வந்தவரா என்று கேள்வி இருக்கிறது. பொய் சொன்னால் அது தனிக் குற்றம். கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை. நண்பரின் காரை ஓட்டும்போது அதில் அவருடைய துப்பாக்கி இருப்பது உங்களுக்குத் தெரிந்திருந்தாலே சிக்கல் வரலாம். விசாவில் இருப்பவர்கள் இந்தக் காணொளியைத் தெரிந்துகொள்வதற்காக மட்டும் பாருங்கள். ஐயம் இருந்தால் வழக்கறிஞரைக் கேளுங்கள்.

[திரையில்: ஹை-பாயிண்ட் சி9, மேசை மேல். கை ஸ்லைடை இழுக்கிறது.]

இப்போது துப்பாக்கிகள். ஹை-பாயிண்ட் ஒஹாயோ மாநிலத்தில் மான்ஸ்ஃபீல்டு என்ற ஊரில் தயாராகிறது. அதன் ஸ்லைடு, அதாவது சுடும்போது பின்னுக்குப் போய் வரும் மேல்பாகம், எஃகு அல்ல. துத்தநாகக் கலப்பு உலோகத்தை அச்சில் வார்த்தது. 9 மி.மீ. விட்டத் தோட்டாவைச் சுடும் பெரும்பாலான துப்பாக்கிகளில் தோட்டா வெடித்த கணத்தில் குழலும் ஸ்லைடும் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டிருக்கும். அழுத்தம் தணிந்த பிறகே பிரியும். ஹை-பாயிண்டில் அந்தப் பூட்டே கிடையாது. ஸ்லைடின் எடை ஒன்றுதான் வெடிப்பின் விசையைத் தாங்குகிறது. அதனால்தான் அந்தத் தலைகனம். கிளாக் 19 சுமார் 600 கிராம், 15 தோட்டா கொள்ளும். சி9 800 கிராமைத் தாண்டும், 8 தோட்டாதான்.

ஆனாலும் அதைக் கேலி செய்பவர்களோடு நான் சேர மாட்டேன். எத்தனை கை மாறினாலும் நிறுவனம் ஆயுள் முழுக்கப் பழுதுபார்த்துத் தருகிறது. எடையால், சுடும்போது கையில் விழும் உதைப்பும் குறைவு. தடுமாறினால் பெரும்பாலும் குற்றவாளி தோட்டாக்களை அடுக்கிவைக்கும் மேகசின்தான். மேல் தோட்டாவைப் பிடித்திருக்கும் அதன் விளிம்புகள் சற்று விலகியிருந்தால் தோட்டா நேராக ஏறாது. வாங்கியவுடன் 200 தோட்டாவாவது சுட்டுப் பாருங்கள். மலிவுத் துப்பாக்கி எதற்கும் இந்தச் செலவைச் சேர்த்தே விலை பேச வேண்டும். சுட்டுப் பார்க்காமல் காரில் வைக்கும் துப்பாக்கி வெறும் இரும்பு. ஹை-பாயிண்டில் அதுவும் பாதி துத்தநாகம்.

அடகுக் கடையில் இதைவிடவும் மலிவாகச் சில கண்ணில் படும். ரேவன், ஜென்னிங்ஸ், பிரைகோ, லார்சின், டேவிஸ். 1968-ல் வந்த சட்டம் மலிவான சின்னத் துப்பாக்கிகளின் இறக்குமதியைத் தடுத்ததும், தெற்குக் கலிபோர்னியாவில் சில குடும்பங்கள் அவற்றை உள்நாட்டிலேயே வார்க்கத் தொடங்கின. அந்த நிறுவனங்கள் மூடிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. உதிரிப்பாகம் இல்லை, கேட்க ஆளும் இல்லை. 80 டாலருக்குக் கொடுத்தாலும் வேண்டாம்.

[திரையில்: டாரஸ் ஜி3சி, ரூகர் ஈசி9எஸ், ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் எஸ்டி9, வரிசையாக.]

அடுத்த படியில் டாரஸ் ஜி3சி. பிரேசில் நிறுவனம், அமெரிக்கத் தலைமையகம் 2019-ல் மயாமியிலிருந்து ஜார்ஜியா மாநிலத்தின் பெயின்பிரிட்ஜுக்கு மாறியது. 12 தோட்டா, 9 மி.மீ., கையால் போடும் பாதுகாப்புப் பூட்டும் உண்டு. அளவும் விலையும் காருக்குப் பொருத்தம். ஆனால் பழைய டாரஸைத் தொடும் முன் மாடல் பெயரைப் பாருங்கள். கீழே விழுந்தால் தானாகச் சுடுகிறது என்ற புகாரில் தொடுத்த வழக்கில், பிடி-140, 24/7 உள்ளிட்ட ஒன்பது மாடல்கள், ஏறத்தாழ பத்து லட்சம் துப்பாக்கிகள் பற்றி 2015-ல் நிறுவனம் சமரசம் செய்துகொண்டது; குற்றச்சாட்டை அது ஒப்புக்கொள்ளவில்லை. குண்டும் குழியுமான சாலையில் குலுங்கப்போகும் துப்பாக்கிக்கு இது சிறிய விஷயம் அல்ல. ஜி3சி அந்தப் பட்டியலில் இல்லை.

ரூகர் ஈசி9எஸ் நல்ல துப்பாக்கிதான், ஆனால் காருக்கு அல்ல. 500 கிராமுக்கும் குறைவு, 7 தோட்டா, சட்டைக்குள் மறைவதற்கென்றே செய்தது. காருக்குள் சுமையைக் கார் சுமக்கிறது. மெலிதாக இருப்பதால் உங்களுக்கு லாபம் ஒன்றும் இல்லை, கையைச் சுண்டும் உதைப்புதான் மிச்சம். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் எஸ்டி9 இந்த விலையில் முழு அளவுத் துப்பாக்கி, 16 தோட்டா. பழைய எஸ்டி9விஇ-யின் விசை, அதாவது சுட இழுக்கும் ட்ரிகர், இழுக்கக் கடினம் என்று எல்லோரும் குறை சொல்வார்கள். காரில் இருக்கும் துப்பாக்கிக்கு அந்தக் கடினத்தை நான் குறையாகவே எண்ணவில்லை.

[திரையில்: பழைய போலீஸ் துப்பாக்கியின் ஸ்லைடு, மிக நெருக்கத்தில்.]

என் கையில் 300, 350 டாலர் இருந்தால் புதியது வாங்க மாட்டேன். போலீஸ் துறைகள் கழித்துவிட்ட .40 துப்பாக்கியை, அதாவது .40 அங்குலத் தோட்டா சுடுவதை, தேடுவேன். அது இவ்வளவு மலிவாகக் கிடைப்பதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. 1986 ஏப்ரலில் மயாமியில் இரண்டு வங்கிக் கொள்ளையரோடு நடந்த சண்டையில் எஃப்பிஐ முகவர்கள் இருவர் இறந்தனர், ஐவர் காயமடைந்தனர். 9 மி.மீ. தோட்டா போதவில்லை என்று முடிவாயிற்று. அந்தத் தேடலில் 1990-ல் .40 தோட்டா பிறந்தது. நாடு முழுக்கப் போலீஸ் அதற்கு மாறியது. பிறகு 9 மி.மீ. தோட்டாக்களே நன்றாகத் தேறிவிட்டன. எஃப்பிஐ பழையபடி 9 மி.மீ.-க்குத் திரும்பியது, 2016-ல் கிளாக்குடன் ஒப்பந்தம் போட்டது, மற்ற துறைகளும் பின்தொடர்ந்தன. கழிந்த கிளாக் 22-களும் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் எம்&பி 40-களும் மொத்த வியாபாரிகள் வழியாகச் சந்தைக்கு வந்தன.

வாங்கும்போது ஸ்லைடின் முன் ஓரங்களைப் பாருங்கள். கறுப்புப் பூச்சு தேய்ந்து எஃகு வெள்ளையாகத் தெரியும். அது உறைக்குள் போய் வந்த தேய்மானம். பல போலீஸ்காரர்கள் ஆண்டு முழுக்க இடுப்பில் சுமப்பார்கள், பயிற்சிக்கு மட்டும் சுடுவார்கள். உள்ளே குழல் புதிதுபோல இருக்கும். இருட்டில் ஒளிரும் குறிமுனை என்று விளம்பரத்தில் இருந்தால் நம்பாதீர்கள். அதில் ஒளிரச் செய்யும் டிரிட்டியம் பன்னிரண்டு ஆண்டு சொச்சத்தில் பாதியாகிவிடும். பெரும்பாலும் மங்கியே போயிருக்கும். மீள்விசைச் சுருளை மட்டும் மாற்றிவிடுங்கள், சில டாலர்தான். குறை ஒன்று: .40 தோட்டா 9 மி.மீ.-ஐவிட விலை கூடுதல், உதைப்பும் கூடுதல்.

[திரையில்: வெயிலில் நிற்கும் கார், வெப்பமானி.]

காருக்குள் என்ன நடக்கும்? அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தினர் 2018-ல் வெளியிட்ட ஆய்வில், கோடை வெயிலில் ஒரு மணி நேரம் நின்ற காரின் டேஷ்போர்டு சராசரியாக 69 டிகிரி செல்சியஸைத் தொட்டது. அந்த வெப்பத்தில் தோட்டா தானாக வெடிக்காது. பிளாஸ்டிக் உடலும் உருகாது. ஆனால் மாதக்கணக்கில் வெந்தால் மருந்து கெடும். ஆண்டுக்கு ஒருமுறை அந்தத் தோட்டாக்களைப் பயிற்சியில் சுட்டுவிட்டுப் புதியதை நிரப்புங்கள். ஏசியும் வெயிலும் மாறி மாறி வருவதால் உலோகத்தில் ஈரம் கோக்கும். மெல்ல எண்ணெய் தடவுங்கள்.

இருக்கைக்கு அடியில் சும்மா போடாதீர்கள். 2016 ஏப்ரலில் மில்வாக்கியில் ஒரு பெண் காரை ஓட்டிக்கொண்டிருந்தார். பின்னிருக்கையில் அவருடைய இரண்டு வயது மகன். ஓட்டுநர் இருக்கைக்கு அடியிலிருந்த துப்பாக்கி பின்னால் வழுக்கி வந்தது. குழந்தை எடுத்துச் சுட்டது, தாய் இறந்தார். கார் அவருடைய துணைவருடையது, துப்பாக்கியும் அந்தத் துணைவருடையதே. விசையை முழுக்க மூடும் கடினமான உறை 30, 40 டாலருக்குக் கிடைக்கும். அது இல்லாமல் துப்பாக்கி காருக்குள் வரக்கூடாது.

[திரையில்: இரும்புப் பெட்டி, இருக்கைச் சட்டத்தைச் சுற்றிய கம்பி வடம்.]

அடுத்தது களவு. ‘மலிவானதுதானே, போனால் போகட்டும்’ என்ற பேச்சு எனக்குச் சற்றும் பிடிக்காது. திருடனுக்கு அது 200 டாலர் துப்பாக்கியா 900 டாலர் துப்பாக்கியா என்பது ஒரு பொருட்டே இல்லை. 2015 ஜூனில் சான் பிரான்சிஸ்கோவில் மத்திய நிலத்துறைக் காவலர் ஒருவரின் காரிலிருந்து .40 சிக் சாவர் ஒன்று திருடுபோனது. நான்கே நாளில் துறைமுக நடைமேடையில் தந்தையோடு நடந்துகொண்டிருந்த 32 வயதுப் பெண் அதே துப்பாக்கியின் குண்டுபட்டு இறந்தார். எவ்ரிடவுன் என்ற அமைப்பு எஃப்பிஐ தரவுகளை ஆராய்ந்ததில், புகாரான துப்பாக்கித் திருட்டுகளில் ஏறக்குறைய பாதி கார்களிலிருந்தே நடக்கின்றன. கண்ணாடியை உடைக்கக்கூட வேண்டியதில்லை. திருடர்கள் வாகன நிறுத்தத்தில் கதவுப் பிடிகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்துக்கொண்டே போகிறார்கள்.

எனவே 50 டாலருக்குள் கிடைக்கும் எஃகுப் பெட்டி ஒன்று. அதன் வடத்தை இருக்கையின் அடிச்சட்டத்தைச் சுற்றிப் பூட்டுங்கள். வடத்தை வெட்ட முடியாதா? முடியும். கதவுப் பிடியை இழுத்துப் பார்க்கும் திருடனிடம் வடம் வெட்டும் கருவி பெரும்பாலும் இருக்காது, அவ்வளவுதான். டேஷ்போர்டு பெட்டியின் பூட்டைப் பூட்டாகவே எண்ணாதீர்கள். மாநிலம் கடந்து துப்பாக்கி கொண்டுசெல்வது பற்றிய 1986-ஆம் ஆண்டுக் கூட்டாட்சிச் சட்டமும் அப்படி எண்ணவில்லை. டிக்கி இல்லாத வண்டியில் துப்பாக்கி காலியாக, பூட்டிய பெட்டியில் இருக்க வேண்டும். டேஷ்போர்டு பெட்டியோ நடுப்பெட்டியோ கணக்கில் வராது. கலிபோர்னியாவிலும், 2025 தொடக்கத்திலிருந்து கொலராடோவிலும், ஆளில்லாத காரில் கைத்துப்பாக்கியைப் பூட்டாமல் விடுவதே சட்டமீறல். மாலையில் பெட்டியைத் திறந்து வீட்டுக்குள் எடுத்துப் போங்கள். வரிசை எண்ணைப் படம் எடுத்து வையுங்கள்; அந்த எண் இல்லாமல் திருடுபோன துப்பாக்கிகளின் தேசியப் பட்டியலில் போலீஸால் அதைச் சேர்க்க முடியாது.

[திரையில்: டெக்சாஸ், நியூ ஜெர்சி வரைபடங்கள்.]

டெக்சாஸில் 2007 முதலே சொந்தக் காரில் உரிமம் இல்லாமல் கைத்துப்பாக்கியை மறைத்து வைக்கலாம். அந்தப் பழக்கத்தோடு வடகிழக்குக்கு ஓட்டிப் போகாதீர்கள். 2013-ல் பென்சில்வேனியா உரிமம் வைத்திருந்த ஓர் இளம் தாய் நியூ ஜெர்சிக்குள் நுழைந்தார், காவலர் நிறுத்தியபோது நேர்மையாகத் துப்பாக்கி இருப்பதைச் சொன்னார், கைதானார். கட்டாயச் சிறைத்தண்டனை தலைமேல் தொங்கியது; 2015-ல் ஆளுநர் அவரை மன்னித்தார். நியூ ஜெர்சியின் எடிசனில் உறவினர் வீட்டுக்குப் போகிறவர்கள் துப்பாக்கியை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள். அஞ்சலகத்தின் வாகன நிறுத்தத்திலும் அது கூடாது. 2015-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று அந்தத் தடையை உறுதிசெய்தது.

[திரையில்: திறந்த டேஷ்போர்டு பெட்டி. உள்ளே பதிவுச் சான்று, காப்பீட்டு அட்டை.]

கடைசியாக ஓர் ஏற்பாடு, இதற்குச் செலவே இல்லை. காவலர் நிறுத்தினால் உங்கள் கை முதலில் போகும் இடம் இந்தப் பெட்டி, ஏனென்றால் பதிவுச் சான்றும் காப்பீட்டு அட்டையும் இங்கேதான் இருக்கின்றன. 2016-ல் மினசோட்டாவில் ஃபிலாண்டோ காஸ்டில் என்பவர் உரிமத்தோடு துப்பாக்கி வைத்திருப்பதாகக் காவலரிடம் தாமாகவே சொன்னார். சில நொடிகளில், துப்பாக்கியை எடுக்கவில்லை என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, சுடப்பட்டு இறந்தார். காகிதங்களை எடுத்து, ஓட்டுநர் தலைக்கு மேலுள்ள சூரிய மறைப்பின் பையில் செருகிவிடுங்கள். துப்பாக்கிப் பெட்டி இருக்கைக்கு அடியில் இருக்கட்டும். நிறுத்தினால் உள்விளக்கைப் போடுங்கள், இரண்டு கைகளும் ஸ்டீயரிங் மேல். துப்பாக்கி இருப்பதைத் தானாகச் சொல்ல வேண்டுமா, கேட்டால் சொன்னால் போதுமா என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். புறப்படும் முன் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். சொல்லும்போது கை அசையக் கூடாது.