மிதிக்கிற காலுக்குத் தைத்த துணி

நடுவர் அவர்களே, எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர்களே, தண்டையார்பேட்டையின் இந்த மேடைக்கு முன்னால் நாற்காலியிலும், நாற்காலி கிடைக்காமல் சைக்கிள் கேரியரிலும் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கும் நம் மக்களே, எல்லோருக்கும் வணக்கம்.

“இளைஞர்களின் உடை ரசனையை வளர்ப்பது பெரிய பிராண்டுகளா, தெருவா?” இதுதான் தலைப்பு. தெருதான் என்று பேச வந்திருக்கிறேன். தெரு என்றால் அதில் சைக்கிள் மிதிக்கிறவர், மரத்தடியில் மெஷின் போட்டு ஆல்டர் செய்கிறவர், ஒற்றை அறையில் இருபது முப்பது சட்டையாகத் தைத்து விற்கிற புதிய பிள்ளைகள் எல்லோரும் அதில் அடக்கம்.

எதிரணித் தோழி சொன்னார்: தெரு எதையும் உருவாக்குவதில்லை, மாலில் தொங்குவதைப் பார்த்துவிட்டு நம் வண்ணாரப்பேட்டைத் துணிக்கடைத் தெருவான எம்.சி. ரோட்டில் மலிவாக நகல் எடுக்கிறது என்று. நகல் நடக்கிறது, மறுக்க மாட்டேன். ஆனால் முதலில் யாரைப் பார்த்து யார் தைத்தார்கள் என்று கொஞ்சம் பின்னால் போய்ப் பார்ப்போம்.

2011-இல் லீவைஸ் நிறுவனம் சைக்கிள் ஓட்டுபவர்களுக்காக ‘கம்யூட்டர்’ என்ற ஜீன்ஸ் வரிசையைக் கொண்டுவந்தது. காலை மடித்துவிட்டால் உள்பக்கம் இருக்கும் ஒளிரும் பட்டை வெளியே தெரியும். இடுப்பில் சைக்கிள் பூட்டைச் செருக ஒரு வளையம் இருக்கும். நல்ல பேன்ட்தான். ஆனால் காலை மடிக்க வேண்டும் என்று அந்த நிறுவனத்துக்குச் சொல்லிக்கொடுத்தது யார்? செயின் இருப்பது வலது பக்கம். துணி அதில் மாட்டும், கிரீஸ் அப்பும். அதனால் வலது காலை மட்டும் மடித்துவிட்டு, ரப்பர் பேண்டோ கிளிப்போ போட்டு மிதிக்கிறவர்கள் உலகத்தில் எல்லா ஊரிலும் உண்டு. கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் பத்து நிமிடம் நின்றால் நீங்களே பார்க்கலாம். அந்த மடிப்பைப் பார்த்துத்தான் கம்பெனி பட்டை தைத்தது.

இன்று கல்லூரிப் பிள்ளைகள் தோளுக்குக் குறுக்கே மாட்டுகிற ஒற்றைப் பட்டைப் பை இருக்கிறதே, அதை உலகம் முழுக்கப் பரப்பியவர்கள் அமெரிக்க நகரங்களில் சைக்கிளில் தபால் கொண்டுபோன தூதர்கள். இறங்காமலே பையை முன்னால் இழுத்துக் கடிதத்தை எடுக்க வேண்டும், அதற்காக உருவான வடிவம் அது. சான் பிரான்சிஸ்கோவில் அப்படி சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்த ஒருவர் 1989-இல் தானே தைக்கத் தொடங்கியதுதான் பிறகு ‘டிம்பக்டூ’ என்ற பெயரில் பெரிதாக வளர்ந்தது.

பெண்கள் கதை இன்னும் அழுத்தமானது. அமெரிக்காவில் அமீலியா புளூமர் என்பவர் 1851-இல் குட்டைப் பாவாடைக்கு அடியில் தொளதொளப்பான கால்சட்டை அணியலாம் என்று தன் பத்திரிகையில் எழுதினார். ஊரே கேலி செய்தது, சில வருடங்களில் அந்த உடை ஒதுங்கிப்போனது. 1890-களில் பெண்கள் சைக்கிளில் ஏறினார்கள். நீளப் பாவாடை சக்கரத்தில் மாட்டியது. அதே கால்சட்டை திரும்பி வந்தது, இந்த முறை கேலியை மீறி நின்றது. நம் புதுக்கோட்டையிலும் 1990-களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, எழுத்தறிவு கற்பித்த அறிவொளி இயக்கம் கிராமத்துப் பெண்களைச் சைக்கிளில் ஏற்றியது. அவர்களும் ஏச்சும் பேச்சும் கேட்டார்கள், மிதிப்பதை நிறுத்தவில்லை. உடம்புக்கு ஒரு வேலை வந்து, துணி அதற்குத் தடையாக நிற்கிற இடத்தில்தான் புதிய உடை பிறக்கிறது. அந்த இடம் ஷோரூம் கிடையாது.

துணி விஷயத்தில் இந்த மண்ணுக்குப் பாடம் எடுக்க யாரும் வர வேண்டியதில்லை. வண்ணாரப்பேட்டையில் துணி வெளுத்துக் கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பலுக்கு அனுப்பினார்கள். திருவொற்றியூர் காலடிப்பேட்டை, அந்தக் கம்பெனியின் ஆளுநர் காலெட் காலத்தில் நெசவாளர்களுக்காகவே அமைந்த ஊர். புளியந்தோப்பு, பெரம்பூர்ப் பக்கம் பின்னி மில் நெய்த காக்கி ராணுவத்துக்குப் போனது. அந்த மில் தொழிலாளர்கள்தான் 1918-இல் பி.பி. வாடியா, திரு.வி.க. போன்றவர்களோடு சேர்ந்து சென்னைத் தொழிலாளர் சங்கத்தைக் கட்டினார்கள். 1996-இல் மில் மூடியது. கை பழகிய மனிதர்கள் எங்கேயும் போய்விடவில்லை. காஜா எடுக்கிறவர், ஓவர்லாக் போடுகிறவர், பேன்ட் மட்டுமே வெட்டுகிற கட்டிங் மாஸ்டர் எல்லோரும் இந்தச் சந்துகளில்தான் இருக்கிறார்கள். புதிதாக வரும் வடிவமைப்பாளருக்கு அவர்கள்தான் பல்கலைக்கழகம்.

அப்புறம் தரம். தெருவில் தைப்பது சாயம் போகும், ஆகவே தரமில்லை என்றார் எதிரணியின் இரண்டாவது பேச்சாளர். சாயம் போகிற துணியை நான் நியாயப்படுத்தப் போவதில்லை. ஆனால் ஒரு வரலாற்றைச் சொல்லியே ஆக வேண்டும். நாம் லுங்கியாகக் கட்டுகிற அந்தக் கட்டம் போட்ட துணிக்கு வெளிநாட்டில் பெயர் ‘மெட்ராஸ்’. 1958-இல் அமெரிக்காவின் புரூக்ஸ் பிரதர்ஸ் அதில் சட்டை தைத்து விற்றது. துவைத்ததும் சாயம் ஓடி மற்ற துணிகளிலும் ஏறியது. வாங்கியவர்கள் கொதித்தார்கள். விளம்பரக்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? ‘சாயம் போகும் என்பதற்கு உத்தரவாதம்’ என்றே விளம்பரம் போட்டார்கள்! அதுவே நாகரிகம் ஆனது. அதே சாயம் நம் தெருத் தையல்காரர் கையில் போனால் மட்டமான துணி, பெரிய கடையில் போனால் அழகா? நடுவர் அவர்கள் இதை எடைபோட வேண்டும்.

இதே மெட்ராஸ் துணி மேற்கு ஆப்பிரிக்காவுக்கும் போனது. நைஜீரியாவின் கலபாரி மக்கள் அதை வாங்கி, நெய்த இழைகளைப் பார்த்துப் பார்த்து வெட்டி உருவியெடுத்துத் தங்களுக்கென்று புதுக் கோலம் உண்டாக்கினார்கள். வாங்கியவரே வடிவமைப்பாளர் ஆகிவிட்டார். எந்த பிராண்டும் அவர்களிடம் அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

எதிரணி பேசியதில் என்னை நிஜமாக யோசிக்க வைத்தது ஒரே ஒரு வாதம். வியாசர்பாடிப் பையன் ஒரு பிராண்ட் சட்டை போட்டால்தான் மாலின் வாசலில் இருக்கும் காவலாளி அவனை மேலும் கீழும் பார்க்காமல் விடுகிறார், அந்தச் சட்டை அவனுக்குக் கவசம் என்றார் தோழி. அதன் வலி எனக்குத் தெரியும். முடிக்கு நிறம் அடித்து, ஒட்டிய பேன்ட் போட்டு வந்த நம் பிள்ளைகளுக்குப் ‘புள்ளிங்கோ’ என்று பெயர் வைத்து, மீம் போட்டுச் சிரித்தார்கள். வாகனச் சோதனையில் முதலில் நிறுத்தப்படுவதும் அந்தத் தோற்றம்தான். அந்தப் பையன் கவசம் தேடுவதில் ஒரு தப்பும் இல்லை.

ஆனால் கவசத்தை விலைக்கு விற்பவரும், அந்தப் பார்வையை மாற்றுபவரும் ஒருவரே கிடையாது. 2018 ஜனவரியில் தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழுவினர் சென்னை மேடையில் கானாவையும் ராப்பையும் கோட்டு சூட் அணிந்து பாடினார்கள். அந்தக் கோட்டின் கழுத்தில் எந்த லேபிள் இருந்தது என்று யாராவது கேட்டோமா? அணிந்தவர்கள் நின்ற நிமிர்வுதான் கண்ணில் நின்றது. சென்னையிலிருந்து இயங்கும் வடிவமைப்பாளர் புருஷு ஆரி நம் வேட்டிக் கட்டை எடுத்து, ஆண் பெண் என்ற பேதமில்லாமல் உடுத்தும் உடைகளாகச் செய்கிறார். நம் உடம்பில் ஏற்கெனவே இருப்பதை மதிப்போடு பார்க்கிற வேலை அது. ஷோரூம் விளக்கு அதைச் செய்யாது.

இனி நான் இந்த மேடையில் சொல்லவே வந்த விஷயத்துக்கு வருகிறேன், நடுவர் அவர்களே. எண்ணூர் விரைவுச் சாலையில் இருட்டிய பிறகு போய் நின்று பாருங்கள். துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி வரும். அந்த லாரிக்கும் சாலை ஓரத்துக்கும் நடுவில் கிடைக்கிற இடுக்கில் ஷிப்ட் முடிந்த மனிதர் ஒருவர் சைக்கிளில் வருவார். போட்டிருப்பது கறுப்பு, இல்லையென்றால் கருநீலம். ஏன்? வெளிர் நிறம் இந்தப் பக்கம் தாங்காது. துறைமுகத்தில் நிலக்கரி இறக்கிக்கொண்டிருந்த காலத்தில் ராயபுரம், காசிமேடு மாடிகளில் காயப்போட்ட துணியில் கரித்தூள் படிந்ததை இங்கே இருக்கிற அம்மாக்களைக் கேளுங்கள். 2011-இல் உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் நிலக்கரி எண்ணூர்த் துறைமுகத்துக்குப் போனது. எண்ணூர்க்காரர்கள் வீட்டுத் துணியில் இன்றைக்கும் அனல் மின் நிலையச் சாம்பல் படிகிறது. ஆகவே கறுப்புச் சட்டை இங்கே ஸ்டைலும்தான், தேவையும்தான். ஆனால் இருட்டில் லாரி ஓட்டுகிறவருக்கு அந்தச் சட்டைக்குள் ஒரு மனிதர் இருப்பது தெரியாது.

ஞாயிற்றுக்கிழமைக் காலையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பளீர் பச்சை ஜெர்சியில் பறக்கிறார்களே, அவர்களுக்குப் பிராண்ட் இருக்கிறது. விளையாட்டுக் கடையில் ஒளிரும் மேலங்கியும் கிடைக்கிறது. ஆனால் வேலையிலிருந்து திரும்புகிறவர் அதைப் போட்டுக்கொண்டு வழியில் டீக்கடையிலோ உறவுக்காரர் வீட்டிலோ நிற்க மாட்டார். கூச்சப்படுவார். இந்தக் கூச்சத்தைப் புரிந்துகொள்வதுதான் வடிவமைப்பு.

கொருக்குப்பேட்டையில் ஒரு தங்கை இருக்கிறாள். இரண்டு மெஷின், ஒரு வெட்டுப் பலகை, அவ்வளவுதான் அவள் பட்டறை. சைக்கிள் மிதிக்கிறவர்களுக்குப் பேன்ட் தைக்கிறாள். சாதாரணப் பேன்ட்டில் நாலு தையலும் தொடைக்கு நடுவே ஒரே புள்ளியில் சேரும். சீட்டில் உட்கார்ந்து மிதித்தால் அங்கேதான் உறுத்தும், முதலில் கிழிவதும் அங்கேதான். அவள் அந்த இடத்தில் ஒரு சதுரத் துண்டைத் தனியாக வைத்துத் தைக்கிறாள். தையல் பிரிந்து விலகிவிடும், கால் தாராளமாக அசையும். குனிந்து மிதித்தால் முதுகு தெரியும் என்பதால் பின்பக்க இடுப்பை முன்பக்கத்தைவிட உயர்த்துகிறாள். பாக்கெட்டைத் தொடைக்குப் பக்கவாட்டில் சாய்த்து வைக்கிறாள், செல்போன் நழுவாது.

ஒளிரும் பட்டையை அவள் எங்கே வைக்கிறாள் தெரியுமா? முதுகில் ஒன்று, அதைவிட முக்கியமாகக் கணுக்காலில். மிதிக்கும்போது கால் மேலும் கீழும் போகும். அப்படி அசைகிற வெளிச்சத்தைக் கண்டதும் ஓட்டுநரின் கண் அது மனிதன் என்று உடனே பிடித்துக்கொள்ளும். அசையாத ஒரு பொட்டு வெளிச்சத்தைக் குப்பைத் தொட்டி என்றோ சாலைக் கம்பம் என்றோ விட்டுவிடலாம். பகலில் அந்தப் பட்டை சேலை பார்டர் மாதிரி சாம்பல் கோடாகக் கிடக்கும். இரவில் ஹெட்லைட் பட்டால் வெள்ளையாக எரியும். லுங்கிக் கட்டத் துணியிலேயே சட்டையின் காலர் உள்பக்கத்தைத் தைக்கிறாள், வியர்வை உறிஞ்சுவதற்கு. சென்னை வெயிலுக்கு 240 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 240 கிராம் எடையுள்ள தடித் துணியில் டி-ஷர்ட் விற்கிற பிராண்டுகளுக்கு நடுவே அவள் 160, 180-க்கு மேல் போகமாட்டேன் என்கிறாள். ஏனென்றால் அவளும் அந்தச் சாலையில் சைக்கிளில்தான் வருகிறாள்.

விலை அதிகம் என்பீர்கள். அதிகம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஸ்க்ரீன் பிரிண்டில் ஒரு நிறத்துக்கு ஒரு ஸ்க்ரீன் வேண்டும். ஐம்பது சட்டை அடித்தாலும் ஐயாயிரம் அடித்தாலும் அந்தச் செலவு மாறாது. பேட்டர்ன் வெட்டுவதும் அப்படியே. மொத்தத் துணிக்கடைகள் இருக்கிற கோடவுன் தெருவில் கட்டுக் கட்டாக எடுப்பவருக்கு ஒரு விலை, நாற்பது மீட்டர் கேட்பவருக்கு வேறு விலை. அவள் வாங்குகிற கூடுதல் பணம் லாபமாக அவள் கையில் நிற்பதில்லை, அளவு சின்னது என்பதற்கான தண்டம் அது. ஆனால் அவள் தைத்த பேன்ட் முழங்காலில் கிழிந்தால் நடந்து போய்க் கொடுத்து ஒட்டுப் போட்டு வாங்கலாம். அந்த ஒரு வசதியை விலையோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

கடைசியாக ஒன்று. நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் டாப்பர் டான் என்ற தையல்காரர் 1982-இல் கடை திறந்தார். கறுப்பினப் பாடகர்களும் குத்துச்சண்டை வீரர்களும் அவரிடம் வரிசையில் நின்றார்கள். பெரிய நிறுவனங்களின் முத்திரையைத் தோலில் அச்சடித்து அவர் தைத்த கோட்டுகள் அந்த நிறுவனங்களே யோசிக்காத வெட்டு. முத்திரையை எடுத்தது சட்டப்படி தப்பு. வழக்கும் சோதனையும் வந்தன, 1992-இல் கடை மூடியது. அதன் பிறகு 2017-இல் கூச்சி நிறுவனம், அவர் எப்போதோ தைத்த ஒரு கோட்டை அப்படியே ஒத்த ஒன்றை மேடையில் ஏற்றியது. பெயர் சொல்லவில்லை. ஊர் கூடிக் கேள்வி கேட்ட பிறகே அவரோடு கைகோத்து, 2018-இல் ஹார்லெமில் அவருக்குப் பட்டறை திறந்தது.

அடுத்துப் பேச வரும் எதிரணித் தலைவரிடம் ஒன்று மட்டும் கேட்கிறேன். தெருவிலிருந்து ஒரு வெட்டை எடுத்த பிராண்ட், யாரும் கேட்பதற்கு முன்பே அந்தத் தையல்காரரின் பெயரைச் சொல்லி, பங்கும் கொடுத்த கதை ஒன்று உங்களிடம் இருக்கிறதா? இருந்தால் இந்த மக்கள் முன்னால் சொல்லுங்கள், நானும் கேட்கிறேன். மணி அடித்துவிட்டது. நன்றி, வணக்கம்.